பாத்தியில் நிற்பவரின் குரல்: மேய்ப்புப்பணியில் நகைச்சுவையும் தொடர்புசாதனங்களும்

1990ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. வானொலிக்கு வேண்டிய பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் எமது மக்கள் வானொலி கேட்பதை விட்டுவிடவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, தைனமோவில் பிறந்த மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப்பணியும் கேட்டன. சுற்றுகிற பொடியன் களைத்தால் குரல் தேய்ந்துவிடும். "அடேய், சுத்தடா!" என்று நாலு பக்கமும் சத்தம் எழும். எல்லாரும் சிரிப்பார்கள். வந்த செய்தி பெரும்பாலும் துயரச் செய்தியே. ஆனால் அந்தச் சிரிப்பு பொய்ச் சிரிப்பு அல்ல.

ஊரை விட்டு வந்து பிறர் காணியில் குடில் போட்டிருக்கும் மக்களிடம் சிரிப்பைப் பற்றிப் பேசுவது தகுமா என்று சிலர் எம்மிடம் கேட்பதுண்டு. தகும் என்றே நாம் எண்ணுகிறோம். இடம்பெயர்ந்தோரிடம் வருகிறவர்கள் வழக்கமாக இரண்டு குரல்களையே கொண்டு வருகின்றனர். ஒன்று புத்திமதி சொல்லும் குரல். மற்றையது பரிதாபப்படும் குரல். இரண்டும் மேலிருந்து கீழே பேசுபவை. ஒன்றாகச் சிரிப்பவர்கள் மட்டுமே ஒரே பாயில் இருப்பவர்கள். ஆகவே குருக்களும் மறையாசிரியர்களும் பங்குப் பணியாளர்களும் இதனைக் கருத்துடன் நோக்க வேண்டியுள்ளது. அதிலும், ஆலயத்துள் சொல்லும் சொல் இன்று கைத்தொலைபேசி வழியாக ஊரெல்லாம் போவதால், எந்த அளவில் எவ்விதம் சிரிக்க வைப்பது என்பது சிறிய விடயமன்று.

கூடாரத்துக்குள் சிரித்த பெண்

ஆபிரகாமும் சாராவும் ஊர்விட்டு ஊர் பெயர்ந்து வாழ்ந்த குடும்பத்தினர். சாரா இறந்தபோது அவரை அடக்கம் செய்வதற்குக் கூட ஆபிரகாம் பிறரிடம் நிலம் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. இந்தக் குடும்பத்திடம் மூன்று விருந்தினர் வந்து, அடுத்த ஆண்டு பிள்ளை பிறக்கும் என்றனர். கூடாரத்துக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த கிழவி தனக்குள் சிரித்தார். ஏன் சிரித்தாய் என்று கேட்கப்பட்டதும் பயத்தில், நான் சிரிக்கவில்லை என்றார். இல்லை, சிரித்தாய்தான் என்று பதில் வந்தது. தொடக்கநூல் 18ஆம் அதிகாரத்தை இன்றிரவு வீட்டில் வாசித்துப் பாருங்கள். அங்கே தண்டனை எதுவும் இல்லை. பிறந்த பிள்ளைக்கு ஈசாக்கு என்று பெயர் வந்தது. எபிரேயத்தில் அதன் பொருள் 'அவன் சிரிக்கிறான்' என்பதாகும். நம்ப முடியாமல் சிரித்த சிரிப்பே பிள்ளையின் பெயராயிற்று.

இயேசுவும் தம் மக்களைச் சிரிக்க வைத்தவரே. தன் கண்ணில் மரக்கட்டையை வைத்துக்கொண்டு அயலவன் கண்ணில் துரும்பு எடுக்கப் போகிறவன், கொசுவை வடித்து எடுத்துவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவன், ஊசியின் காதுக்குள் நுழைய முயலும் ஒட்டகம் ஆகியவற்றை ஒரு கணம் கண்ணால் காண்பதுபோல் எண்ணிப் பாருங்கள். அவர் பேசிய அரமேய மொழியில் கொசுவைக் குறிக்கும் சொல்லும் ஒட்டகத்தைக் குறிக்கும் சொல்லும் ஓசையில் நெருங்கியவை என்று அறிஞர்கள் காட்டுவர். கலிலேயாவின் கமக்காரரும் மீனவரும் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்திருப்பார்களா? நாமோ இந்தப் பகுதிகளையும் செத்தவீட்டுக் குரலிலேயே வாசித்துப் பழகிவிட்டோம்.

இங்கே கவனிக்க வேண்டியது, அச்சிரிப்பு எந்தப் பக்கம் பாய்ந்தது என்பதாகும். சட்டத்தையும் செல்வத்தையும் கையில் வைத்திருந்தோர் மீதே அது பாய்ந்தது. தொழுநோயாளர் மீதோ, இரண்டு காசு போட்ட கைம்பெண் மீதோ பாயவில்லை. குள்ளமான சக்கேயு மரத்தில் ஏறி இருந்த காட்சி கூட்டத்துக்கு நல்ல பகிடியாக இருந்திருக்கும். இயேசு அவரைப் பெயர் சொல்லி அழைத்து, உன் வீட்டுக்கு வருகிறேன் என்றார். ஆள் மரத்தில் இருக்கும்போது பகிடி விடுவது எவ்வளவு சுலபம் என்பதை மேடை ஏறிப் பேசும் எவரும் அறிவர்.

இறைப்பவரும் மாறுபவரும்

தோட்டத்துக்கு இறைக்க இருவர் வேண்டும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை. கிணற்றடியில் ஒருவர், மண்வெட்டியுடன் பாத்தியில் நின்று தண்ணீர் மாறுபவர் ஒருவர். துலா மிதித்த காலத்திலும் இயந்திரம் வந்த காலத்திலும் இதுவே முறை. கிணற்றடியில் நிற்பவருக்குப் பாத்தி தெரியாது. வரம்பு உடைந்து வெங்காயம் மிதந்தாலும் அவர் இறைத்துக்கொண்டே இருப்பார். பாத்தியிலிருந்து "நிப்பாட்டு" என்று ஒரு குரல் வர வேண்டும்.

ஆலயத்திலோ மரத்தடிக் கூட்டத்திலோ பேசுபவருக்கு இந்தக் குரல் முகங்களாகக் கிடைக்கின்றது. ஒரு பகிடி சொல்கிறார். மூன்றாம் வரிசையில் ஒரு தாய் தலையைக் குனிகிறார். நல்ல மேய்ப்பர் அதனைக் கண்டு பேச்சின் திசையை மாற்றுவார். ஒலிவாங்கியின் முன்னும் கமராவின் முன்னும் தனியே இருந்து பேசுபவருக்கு அம்முகம் இல்லை. அவர் கிணற்றடியில் மட்டும் நிற்கிறார். தொடர்புசாதனத்தின் வலிமையும் ஆபத்தும் இந்த ஓர் இடத்திலேயே இருக்கின்றன என்பது எமது கருத்து. நகைச்சுவை அங்கே மேலும் ஆபத்தானது. ஏனெனில் பகிடி என்பது கேட்பவரின் முகத்தை நம்பிச் சொல்லப்படுவது.

இதற்குத் திருச்சபை தொடர்புசாதனங்களை அஞ்சி ஒதுங்க வேண்டும் என்பது பொருளல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி தன் முதல் இரு ஏடுகளை வெளியிட்டது. ஒன்று திருவழிபாடு பற்றியது. மற்றையது சமூகத் தொடர்புசாதனங்கள் பற்றியது. பலிபீடமும் ஒலிவாங்கியும் ஒரே நாளில் சங்கத்தின் கையெழுத்தைப் பெற்றன.

இரு குருக்கள், ஒரே நாடு

அமெரிக்காவின் டெற்றொயிற் நகருக்கு அருகே பங்குக் குருவாயிருந்த சார்ள்ஸ் கோக்லின் 1926இல் வானொலியில் பேசத் தொடங்கினார். முதலில் சிறுவருக்கான மறைக்கல்வியே பேசினார். 1930களில் கோடிக்கணக்கானோர் அவரைக் கேட்டனர். வேலையிழந்த மக்களுக்காக அவர் பரிந்து பேசியதும் உண்மை. ஆனால் குரல் வரவர யூதருக்கு எதிரான பகையாக மாறியது. 1938 நவம்பரில் ஜேர்மனியில் யூதரின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டபோது, அதற்கு நியாயம் கற்பிப்பது போலப் பேசினார். 1942இல் அவரது பேராயர் அவரை நிறுத்தினார்.

கோக்லினுக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. ஆகவே அவருக்குக் கேட்போரின் குரல் எட்டவில்லை என்று சொல்ல முடியாது. எட்டியது பெரும்பாலும் புகழ்வோரின் குரல். கைதட்டுபவர் பாத்தியில் நிற்பவர் அல்லர். அவரும் கிணற்றடியில் நின்று வேடிக்கை பார்ப்பவரே. இன்று முகநூலில் விழும் விருப்பக் குறிகளை எண்ணி மகிழும் இளங்குருக்களுக்கு இதனைச் சொல்ல விரும்புகின்றோம்.

அதே நாட்டில் ஆயர் புல்ரன் ஷீன் 1952 முதல் 1957 வரை தொலைக்காட்சியில் வாரந்தோறும் பேசினார். எழுதி வைத்து வாசிக்கவில்லை. ஒரு கரும்பலகை மட்டும் இருந்தது. அவர் அதில் எழுதிவிட்டு மறுபக்கம் நகர்ந்து பேசும்போது, படத்தில் தெரியாமல் ஒரு பணியாளர் பலகையைத் துடைத்துவிடுவார். அது தம்முடைய வானதூதரின் வேலை என்று ஷீன் சொல்வார். அவர் பேசிய நேரத்தில் மற்றொரு அலைவரிசையில் நாட்டின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் மில்ரன் பேர்ள் நிகழ்ச்சி நடத்தினார். தொலைக்காட்சியின் பெரிய விருதான எமி விருது ஷீனுக்குக் கிடைத்தபோது, தமக்கு எழுதித் தந்த நால்வருக்கு, அதாவது மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவானுக்கு, நன்றி கூறினார். இப்பகிடிகளில் எவரும் காயப்படவில்லை. சிரிப்புக்கு உள்ளானவர் பேசியவரே. மற்றொன்றையும் கவனியுங்கள்: அந்நிகழ்ச்சி நியூயோர்க்கின் ஒரு நாடக அரங்கில், மக்கள் முன்னிருக்கப் பேசிப் படமாக்கப்பட்டது. கமராவுக்குப் பின்னால் அவருக்கு முகங்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் நற்கருணை முன் செபிப்பதையும் அவர் கைவிடவில்லை.

சிரிக்க வைத்துக் கொன்ற வானொலி

இதனை எழுதுவது எமக்கு இலகுவானதல்ல. ஆயினும் சொல்லாமல் விட்டால் பாடம் பாதியாகும்.

ஆபிரிக்காவில் ருவண்டா அக்காலத்தில் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக இருந்த நாடு. அங்கு அரச வானொலி உத்தியோக முறையில் வறட்சியாகப் பேசியது. 1993 யூலையில் 'ஆயிரம் குன்றுகளின் சுதந்திர வானொலி' என்ற பொருள்படும் பெயருடன் ஒரு தனியார் நிலையம் தொடங்கியது. கொங்கோ நாட்டுப் பாடல்கள், தெருவில் பேசுகிற மொழி, துடுக்கான அறிவிப்பாளர்கள், பகிடிக்கு மேல் பகிடி. இளைஞர்கள் மயங்கினர். அந்தப் பகிடிகளுக்கு இடையே துட்சி இனத்தவர் கரப்பான் பூச்சிகள் என்று அழைக்கப்பட்டனர். முதலில் அது பட்டப்பெயர் போலிருந்தது. 1994 ஏப்ரலில் கொலைகள் தொடங்கியபோது அதே குரல்கள் ஆட்களின் பெயரையும் மறைந்திருக்கும் இடத்தையும் அறிவித்தன. ஏறத்தாழ நூறு நாள்களில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். தஞ்சம் தேடி ஓடிய ஆலயங்களுக்குள்ளும் மாண்டனர். 2003 டிசம்பரில் ருவண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் அந்நிலையத்தைத் தோற்றுவித்தோரில் இருவரைக் குற்றவாளிகளாகத் தீர்த்தது.

மனிதனை முதலில் பகிடியாக்கினால் பிறகு பூச்சியாக்குவது சுலபமாகிவிடுகின்றது. எம் நாடும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகப் பரவிய பொய்யும், மார்ச் மாதத்தில் கண்டி திகனையில் நடந்த எரிப்புகளும் கைத்தொலைபேசிகளின் வழியாக ஊதப்பட்டன. முகநூல் நிறுவனம் 2020இல் அதற்கு வருத்தம் தெரிவித்தது.

எம் நாட்டின் நல்ல உதாரணத்தையும் மறக்கலாகாது. இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்டவர்கள் உங்களுள் இன்னும் இருப்பீர்கள். அதுவே 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாயிற்று. ராமதாஸ் மரிக்காராகவும், செல்வசேகரன் உபாலியாகவும், அப்துல் ஹமீட் ஐயராகவும் பேசினார்கள். தமிழர் முஸ்லிமின் தமிழிலும், முஸ்லிம் ஐயரின் தமிழிலும் பேசியதைக் கேட்டு மூன்று சமூகத்தாரும் ஒரே நேரத்தில் சிரித்தனர். அடுத்தவன் குரலைக் காதலுடன் கற்றவன் விடும் பகிடிக்கும், அவனை வெறுப்பவன் விடும் பகிடிக்கும் உள்ள வேறுபாடு சொற்களில் இல்லை.

சுத்தத்தென்சா: வானொலியைச் சுற்றி ஒரு வீடு

இனி எமக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு வருவோம். இது கமக்காரரின் கதை.

தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், மலைகளுக்கு இடையே சுத்தத்தென்சா என்றொரு சிற்றூர். 1947இல் அங்கே உதவிப் பங்குக் குருவாக வந்த ஒசே ஒவாக்கின் சல்செதோ இருபத்தாறு வயதினர். மக்களில் பெரும்பாலானோருக்கு எழுத்தறிவு இல்லை. ஓய்வு நேரத்தைக் குடியில் போக்கினர். வந்த குரு கண்டனப் பிரசங்கத்துடன் தொடங்கவில்லை. திரைப்படம் காட்டும் கருவியைக் கொண்டு வந்தார். நாடகமும் விளையாட்டும் ஏற்பாடு செய்தார். அரங்கு கட்டக் காசு இல்லாதபோது மக்கள் கோழிகளைக் கொடுத்தனர். கோழி விற்ற காசில் அரங்கு எழுந்தது. அதே ஆண்டில் ஒரு சிறிய ஒலிபரப்புக் கருவியையும் இயக்கினார். முதலில் ஒலித்தவற்றுள் அவ்வூர்க் கமக்காரரே வாசித்த இசையும் ஒன்று. தம் குரலைத் தாமே கேட்ட மக்களுக்கு அந்தப் பெட்டி அன்னியமாக இருக்கவில்லை.

அங்கிருந்து வளர்ந்தது 'வானொலிப் பாடசாலை'. ஒரு வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி. சுற்றி அந்தக் குடும்பமும் அயலாரும். ஆசிரியர் தலைநகரிலோ வேறெங்கோ இருந்தார். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும், ஓரளவு எழுத வாசிக்கத் தெரிந்த அயலவர் ஒருவர் உதவியாளராக நின்றார். வானொலி ஓர் எழுத்தைச் சொன்னால் இவர் அதைப் பலகையில் எழுதிக் காட்டுவார்; பின்தங்கிய கிழவரின் கையைப் பிடித்து எழுதப் பழக்குவார்; விளங்காததை நிலையத்துக்குத் தெரிவிப்பார். இவரே பாத்தியில் நின்று தண்ணீர் மாறியவர். எழுத்து, கணக்கு, உடல்நலம், மண்ணும் தொழிலும், ஆன்மீகம் ஆகிய ஐந்தும் சேர்த்தே கற்பிக்கப்பட்டன. இவற்றுக்குச் சிறு கைநூல்களும், 1958 முதல் 'கமக்காரன்' என்ற பொருளுடைய ஒரு செய்தித்தாளும் துணையாயின. எழுதக் கற்றவர்கள் நிலையத்துக்கு எழுதிய கடிதங்கள் பத்து இலட்சத்தைத் தாண்டும். அவை இன்றும் பொகொத்தா நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. கோக்லினுக்கு வந்த கடிதங்களுடன் இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். இவை 'எனக்கு இது விளங்கவில்லை', 'என் உருளைக்கிழங்குக்கு நோய்' என்று எழுதக்கூடியவர்களின் கடிதங்கள்.

1980களின் இறுதியில் பணமுடையால் நிலையங்கள் விற்கப்பட்டன. மணிலா வெரித்தாசின் சிற்றலை ஒலிபரப்பும் 2018 யூனில் நின்று இணையத்துக்கு மாறியது. கருவிகள் வரும், போகும். அதற்காக நாம் அதிகம் கவலைப்படத் தேவையில்லை.

இனி எம் பங்குகளில்

நலன்புரி நிலையமொன்றின் அருகே நடந்த திருவிழாவில், ஒலிபெருக்கியில் பேசிய ஒருவர் நிவாரண அட்டையை வைத்துப் பகிடி விட்டதைக் கேட்டோம். பந்தலில் இருந்தோர் சிரித்தனர். ஒலிபெருக்கி முகாமின் பக்கமும் திரும்பியிருந்தது. அங்கே சமையல் அடுப்பின் முன் இருந்தவர்கள் என்ன முகத்துடன் கேட்டார்கள் என்பதைப் பேசியவர் காணவில்லை. அதே நிவாரண அரிசியைப் பற்றி முகாமின் பெண்கள் தமக்குள் பகிடி பேசுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். அது இன்னும் காரமானது. ஆனால் அது அவர்களுடைய சொத்து. துன்பப்படுபவர் தம் துன்பத்தைக் கேலி செய்வது தலை நிமிர்வது. அதையே இன்னொருவர் எடுத்து ஒலிவாங்கியில் விடுவது களவு.

ஆகையால் மறையுரையிலோ பதிவிலோ பகிடி சொல்ல விரும்பும் பணியாளர் முதலில் தம்மையே பகிடி ஆக்கட்டும். பதினாறாம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த புனித பிலிப்பு நேரி, மக்கள் தம்மைப் புனிதர் என்று கொண்டாடத் தொடங்கியதும், தாடியில் ஒரு பக்கத்தை மட்டும் மழித்துக்கொண்டு தெருவில் நடந்தார் என்பர். எமது குருக்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தீவகத்தாரின் பேச்சு, மலையகத்தாரின் பேச்சு, சாதி, உடற்குறை, கைம்பெண்கள், கால் இழந்தவர்கள் ஆகியவற்றைத் தொடாமலிருந்தால் போதும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 யூன் 14ஆம் திகதி நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்துப் பேசியபோதும், எவரையும் இழிவுபடுத்தாத சிரிப்பையே பாராட்டினார்.

சிரிப்பு வாயை மூடிக்கொள்ள வேண்டிய நாள்களும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களில் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிறு பொதுத் திருப்பலிகள் இல்லை. கொழும்புப் பேராயர் தமது இல்லச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியிலேயே மக்கள் கண்டனர். அன்று அந்தக் கருவி செய்தது பெரிய தொண்டு. ஆலயம் போக முடியாதவர்களின் வீட்டுக்கு அது அழுகையைக் கொண்டு சென்று பகிர்ந்தது. அழுவோரோடு அழுங்கள் என்று பவுல் உரோமையருக்கு எழுதியதும், மகிழ்வோரோடு மகிழுங்கள் என்று எழுதியதும் ஒரே வசனத்தில்தான். எது எந்த நாளுக்கு உரியது என்பதை வீடு வீடாகப் போகிறவரே அறிவார்.

நடைமுறையில் நீங்கள் செய்யக்கூடியவை சில. வட்ஸ்அப் குழுக்கள் பலவற்றில் குழுத் தலைவர் மட்டுமே பேசலாம் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். வம்பு வராது என்பது காரணம். வம்பு வராதுதான், "நிப்பாட்டு" என்ற குரலும் வராது. கிழமையில் ஒரு நாளாவது அதைத் திறந்து விடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் குரலில் பேசட்டும். மறையுரைப் பதிவை அனுப்பும் முன், அதில் பேசப்படும் நிலையில் உள்ள ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். கடன்பட்டோரைப் பற்றிய பேச்சானால் கடன்பட்ட ஒருவருக்கு. பிள்ளை காணாமற்போன தாய்மாரைப் பற்றியதானால் அத்தகைய ஒரு தாய்க்கு. அவர் வேண்டாம் என்று சொல்லும் இடத்தை வெட்டிவிடுங்கள். விவாதிக்க வேண்டாம்.

காதில் செருகிக்கொண்டு ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்பதை விட, பத்துப் பேர் ஒரு தொலைபேசியைச் சுற்றி இருந்து கேட்பதை இந்தக் காலாண்டில் முயன்று பாருங்கள். ஐந்து குடும்பம் சேர்ந்தால் போதும். மாலையில், விளக்கு வைத்த பின், ஒரு முற்றத்தில் கூடுங்கள். பதிவு பத்து நிமிடத்துக்கு மேற்பட வேண்டாம். வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை உதவியாளராக இருக்கட்டும். பதிவு முடிந்ததும் குழுத் தலைவரோ மறையாசிரியரோ பேசாதிருக்கட்டும். பின்னால் சுவரோடு சாய்ந்திருக்கும் ஆச்சியிடம் முதலில் கேளுங்கள்: இதில் உங்களுக்குச் சிரிப்பு வந்தது எவ்விடத்தில், மனம் நொந்தது எவ்விடத்தில்? அவர் சொல்வதைக் குரலாகப் பதிந்து, பேசிய குருவுக்கே அனுப்பிவிடுங்கள்.